ஆட்டம் இருக்கக் கூடாது

நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னுமாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சொந்த வீட்டு நாற்காலியானாலும் சரி, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியானாலும் சரி. பல் மருத்துவருடையது தரையோடு திருகி முடுக்கப்பட்டது, அதையும் விடவில்லை. "ஆட்டம் இல்ல" என்று மருத்துவருக்கு நற்சான்று வழங்கிய பிறகே வாயைத் திறந்தார். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றும் இதைச் செய்திருக்கிறார். அவரைக் கண்டால் மச்சினன் இன்றைக்கும் எழுந்து நின்று, தன் நாற்காலியை நாலு ஆட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, "வாங்க மாமா, டெஸ்ட் பண்ணியாச்சு" என்கிறான்.

நகராட்சியில் கொள்முதல் அலுவலர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ஆட்டம் சார். துடைப்பம், ப்ளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, குப்பை வண்டிச் சக்கரம் என்று நகராட்சி எதை வாங்கினாலும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார். உதிர்ந்த குச்சிகளைப் பொறுக்கி விற்க வந்தவர் கையிலேயே கொடுத்து, "இது உங்களுது. மிச்சத்தத்தான் நாங்க வாங்குறோம்" என்பார். பல்பைக் காதருகே வைத்துக் குலுக்குவார். கோப்புகளைக்கூட உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பிடுவார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருக்கும். மூக்குக்கு வருவது அபூர்வம். "படிச்சாத்தான் தெரியுமா? கைல எடுத்தாலே தெரிஞ்சிடும்" என்பது அவருடைய கொள்கை விளக்கம்.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு நாற்காலி. நூலகத் திறப்பு விழாவுக்காக அவர் வாங்கிப் போட்ட நாற்காலிகளில் ஒன்று, நகராட்சி உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்ததும் காலை மடக்கிக்கொண்டது. விழுந்த மனிதர் கையிலிருந்த மைக்கை விடவில்லை. அவர் விழுந்த சத்தமும், விழுந்ததும் சொன்ன சொல்லும் ஒலிபெருக்கி வழியாகத் தெருக்கோடி வரை கேட்டன. அந்த உறுப்பினர்தான் இன்றைக்கு நகராட்சித் தலைவர். அன்றிலிருந்து ஆட்டம் சாரின் டெண்டர்களில் ஒரு வரி நிரந்தரமாகக் குடியேறியது: "ஆட்டம் இருக்கக் கூடாது." அந்த நாற்காலி டெண்டரைத் தேய்த்து மெருகேற்றிக் கணினியில் வைத்திருக்கிறார். அவர் வெளியிட்ட டெண்டர்கள் எல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவைதான். அவற்றில் ஒன்றுகூட இதுவரை ரத்தானதில்லை என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்படிப்பட்டவரிடம் ஒருநாள் குடிநீர்ப் பிரிவின் பொறியாளர் வந்து, மென்பொருள் வாங்க வேண்டும் என்றார். பொறியாளர் ஒரு பெண்மணி. அலுவலகத்தில் பம்ப் மேடம்.

"சாம்பிள் கொண்டாரச் சொல்லுங்க மேடம், பாத்துடலாம்."

"சார், இது சாஃப்ட்வேர். கைல பிடிக்க முடியாது."

"கைல பிடிக்க முடியாததை ஸ்டோர்ல எப்படி மேடம் வரவு வைக்கிறது?"

பம்ப் மேடம் பொறுமையாக விளக்கினார். இப்போது ஆட்கள் தெருத்தெருவாகப் போய் வால்வைத் திருகுகிறார்கள். இது வந்தால் ஓர் அறையில் உட்கார்ந்தபடியே பம்பை ஓட்டலாம், வால்வைத் திறக்கலாம், தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்பதைக்கூட மாற்றலாம். "அதனாலதான் சார் பயமாவும் இருக்கு. நாம உக்காந்த இடத்துலேர்ந்து செய்ய முடியும்னா, வேற எவனோ ஒருத்தன் அவன் உக்காந்த இடத்துலேர்ந்தும் செய்யலாம். குளோரினை அவன் பாட்டுக்குக் கூட்டி விட்டான்னா ஊருக்கே தொண்டை எரியும்." அதற்காக அவர் சில நிபந்தனைகள் எழுதி வந்திருந்தார். கம்பெனி போட்டுத் தரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எங்களைக் கேட்காமல் கம்பெனி ஆட்கள் வெளியிலிருந்து உள்ளே நுழையக் கூடாது. எதை மாற்றினாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆட்டம் சார் அந்தத் தாளை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

பிறகு செய்தது எப்போதும் செய்வதுதான். நாற்காலி டெண்டரைத் திறந்தார். ஒரு சொல்லை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தில் மாற்றும் வித்தையை மகள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். 'நாற்காலி' இருந்த இடத்திலெல்லாம் 'கட்டுப்பாட்டு மென்பொருள்' வந்து உட்கார்ந்தது. கடைசியில் பம்ப் மேடத்தின் நிபந்தனைகளைச் சேர்த்தார். வெளியிட்டார். அப்படியாக அந்த நகராட்சி உலகத்துக்கு அறிவித்தது என்னவென்றால்:

"கட்டுப்பாட்டு மென்பொருளின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிய வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது. எண்பது கிலோ எடையுள்ளவர் அமர்ந்தாலும் கட்டுப்பாட்டு மென்பொருள் வளையக் கூடாது. பயன்படுத்தாதபோது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கத் தக்கதாக இருக்க வேண்டும்."

இரண்டு கம்பெனிகள் விண்ணப்பித்தன. ஒன்றின் பதில் வழக்கம்போல் மெலிதாக இருந்தது. இன்னொன்று கையில் கனத்தது. இருக்க வேண்டியதைவிடக் கனமாக ஒரு பதில் இருந்தால் அதில் வம்பு இருக்கிறது என்று அவர் கை சொன்னது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"எங்கள் மென்பொருளுக்குக் கால்கள் கிடையாது. இந்த நிபந்தனை வேறு பொருளுக்கானதா என்று அன்புகூர்ந்து தெளிவுபடுத்தவும்."

ஆட்டம் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு இருந்தும் ஓடவில்லை. தன் டெண்டரை முதன்முறையாக எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்கக் காது சூடேறியது. பிறகு அவசரமாக அந்த மெலிந்த பதிலைப் புரட்டினார். நான்கு கால்களா? ஒத்துக்கொள்கிறோம். எண்பது கிலோவா? ஒத்துக்கொள்கிறோம். அடுக்கி வைக்கலாமா? ஒத்துக்கொள்கிறோம். அந்தக் கம்பெனியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அப்படியே கண் கீழே இறங்கியது. கேட்காமல் வெளியிலிருந்து நுழையக் கூடாது. ஒத்துக்கொள்கிறோம். அதே சொல், அதே முத்திரை. கனமான கம்பெனியோ அந்த இடத்தில் அரைப் பக்கம் எழுதியிருந்தது: பழுது பார்க்கச் சில சமயம் வெளியிலிருந்து நுழைந்தே ஆக வேண்டியிருக்கும், நீங்கள் திறந்துவிட்டால் வருவோம், வேலை முடிந்ததும் நீங்களே பூட்டிக்கொள்ளலாம்.

விதி என்ன சொல்கிறது என்றால், ஒரு நிபந்தனைக்கு 'இல்லை' சொன்னாலும் அந்தக் கம்பெனி வெளியே. கால் இல்லை என்று சொன்னவன் போய்விடுவான். கால் இருக்கிறது என்றவன் கையில் ஊர்த் தண்ணீர் போய்விடும். ஆட்டம் சார் வாயைத் திறக்காமல் இருந்தால் யாரும் இதையெல்லாம் படிக்கப் போவதில்லை. திறந்தால் டெண்டர் போச்சு, மானம் போச்சு. பதவி உயர்வுப் பட்டியல் வேறு தயாராகிக்கொண்டிருந்தது. மேலாளர் ஆவதற்கு அவர் பெயரும் அதில் போயிருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணிக்கு நாலு கால் கேட்டிருக்கீங்களா? ஐயோ, என்னால முடியலங்க."

"சிரிக்காத. மாட்டிக்கிட்டு முழிக்கிறேன் நான்."

"அவங்களும் படிக்காம சரின்னுட்டாங்க, நீங்களும் படிக்காம கேட்டுட்டீங்க. என்ன பொருத்தம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, சொல்லலன்னா என்ன ஆகும்?"

"அந்தப் படிக்காதவன் வந்துடுவான்."

"அவன் கைலயா குளோரினு?"

"ம்."

மனைவி எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துவந்து அவர் முன்னால் வைத்தார். "குடிங்க" என்றார். ஆட்டம் சார் அந்த டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

தேர்வுக் கூட்டத்துக்கு மெலிந்த கம்பெனியின் ஆள் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தலைவர் நடுவில் இருந்தார். பம்ப் மேடம் தன் நிபந்தனைகளுக்குக் கிடைத்த பதில்களை மட்டும் படித்துவிட்டு, இந்தக் கம்பெனி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறது என்று தயக்கத்தோடு சொன்னார். தலைவர் பேனாவைத் திறந்தார். ஆட்டம் சார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம். சார், உங்க மென்பொருளுக்கு நாலு கால் இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் டைக்காரர், புன்னகை மாறாமல். "எல்லாமே ஸ்டாண்டர்டா வருது சார்."

"எண்பது கிலோ தாங்குமா?"

"நூறே தாங்கும் சார்."

"எங்களக் கேக்காம உள்ள நுழைய மாட்டீங்களே?"

"சேச்சே, மாட்டோம் சார்."

மூன்றும் ஒரே குரலில் வந்தன. பம்ப் மேடத்தின் முகம் மாறியது. தலைவர் பேனாவை மூடினார். நாற்காலி விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். வாழ்க்கையில் அவர் விழுந்ததும் எழுந்ததும் அதில்தான்.

"நாலு கால் இருக்குன்னுதான் அன்னிக்கு என்கிட்டயும் சொன்னாங்க" என்றார். டைக்காரர் அப்போதுதான் தாளைக் குனிந்து பார்த்தார்.

ஆட்டம் சார் எழுந்து நின்றார். "ஐயா, இதுல என் தப்பு இருக்கு. நாற்காலி டெண்டர எடுத்துப் பேர மட்டும் மாத்திட்டேன். படிச்சுப் பாக்க மறந்துட்டேன். கால் அப்படி வந்ததுதான்."

தலைவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பாத்தீங்களாய்யா அடக்கத்த! கண்ணி வெச்சுப் பிடிச்சிட்டு, மறந்துட்டேங்கிறாரு!"

"நானே ஏமாந்துட்டேன் சார்" என்றார் பம்ப் மேடம், கண்கள் மின்ன. "சரியா என் நிபந்தனைங்களுக்கு மேலயே வெச்சிருக்கீங்களே!"

"இல்ல மேடம், சத்தியமா மறதி."

"போங்க சார்!"

நாளைக்குச் சரக்கு வந்துவிடும், கோப்பு மேலே போயிருக்கிறது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று ஆட்டம் சார் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் நம்பினார்கள். வாழ்க்கையில் ஒரு தடவை வியர்த்து விறுவிறுத்து உண்மையைச் சொன்னார், வாங்க ஆளில்லை. கால் நிபந்தனை பொருளுக்கானது அல்ல, ஆளைச் சோதிப்பதற்கானது என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. கால் இல்லை என்ற கம்பெனிக்கே வேலை கிடைத்தது. வெளியிலிருந்து வரும் கதவைத் திறக்கும் உரிமை பம்ப் மேடத்திடம் மட்டும் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியலும் வந்தது. ஆட்டம் சார் மேலாளரானார், டெண்டரெல்லாம் இன்னமும் நானே போடுவேன் என்ற பிடிவாதத்தோடு.

"உண்மையச் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நம்பல."

அன்றைக்கும் துணி மடிக்கும் வேலை நடக்கவில்லை.

இப்போது பக்கத்து நகராட்சிகளிலிருந்து பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறார். மேடை நாற்காலியை ஆட்டிப் பார்க்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. "நான் மறந்துதான் போனேன்" என்று ஆரம்பிக்கிறார், கூட்டம் சிரித்துக்கொண்டே குறிப்பெடுக்கிறது. போன தடவை ஓர் அதிகாரி கையைத் தூக்கி, "சார், கால் நாலுதான் வெக்கணுமா, மூணு வெச்சாலும் போதுமா?" என்று சந்தேகம் கேட்டார். ஆட்டம் சார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூணு வெச்சா ஆடும்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மூக்குக்கண்ணாடி இப்போது மூக்கில்தான் இருக்கிறது. கணினித் திரையின் மேல் ஒரு மர அளவுகோலை வைத்து, வரிவரியாக நகர்த்தி, உதடசைத்துப் படிக்கிறார். கழிவுநீர் பம்புகளுக்கும் அதே மாதிரி மென்பொருள் வாங்கப் போகிறார்கள். பழைய நாற்காலி டெண்டரைத்தான் இம்முறையும் எடுத்திருந்தார், கை பழகிவிட்டது. அளவுகோல் இறங்கி வந்து ஒரு வரியில் நின்றது. கழிவுநீர்க் கட்டுப்பாட்டு மென்பொருளின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிய வேண்டும்.

அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தார். தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இவரைக் கவனிக்கவில்லை. விரலை மெல்ல எடுத்துக்கொண்டு, அளவுகோலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.