தாத்தாவின் நாற்காலியில் நான் போட்ட ஓட்டை

வாசல் அறையில் பாலிஷ் போட்டு வைத்திருக்கும் நாற்காலியில் நீங்கள் இரண்டு பேருமே உட்காருவதில்லை. சின்னவள் மலையாளத்திலேயே சொல்லிவிட்டாள், "அய்யே, எனிக்கு வேண்டா" என்று. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அது உங்கள் தாத்தாவுடையது. கரமனையில் ஒரு பழைய வீட்டை இடிக்கிற வேலைக்குப் போனபோது, வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்தார். தேக்கு. கைப்பிடி வைத்தது, உட்காருமிடம் பிரம்புப் பின்னல். வேலை முடிந்து வந்து குளித்த பிறகுதான் அதில் உட்காருவார். அழுக்கு வேட்டியோடு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அவரால் கக்கூஸில் குத்தவைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுப் பார்த்தோம். அவர் சாயும்போது அதுவும் சேர்ந்து சாய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கு நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பிரம்பை அறுத்தேன். கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

"என்னடே செய்யுத?"

"செரியாக்குதேன்ப்பா," என்றேன்.

பின்னல் ஏற்கெனவே தொய்ந்து கிடந்ததால் நம்பிவிட்டார். நல்ல பிரம்பாகப் பார்த்து வாங்கச் சொன்னார். பின்னுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், அவசரப்பட்டால் ஒடியும் என்று வாய் குழறக் குழறச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே, பிரம்பு இருந்த இடத்தில் போட எடுத்துவைத்த பலகையில் ஓட்டைக்கு வட்டம் வரைந்தேன்.

சாயங்காலம் கட்டிலருகே கொண்டு வைத்தேன். கீழே வாளி. ஓட்டையையும் வாளியையும் பார்த்தார்.

"நல்லாச் செரியாக்கிட்ட மக்கா," என்றார்.

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தார். சோறு இரண்டு வாய், தண்ணீர் அரை டம்ளர். ஆஸ்பத்திரியில் பசி எடுக்க மருந்து எழுதித் தந்தார்கள். பசியெல்லாம் இருந்தது. அதில் உட்கார வேண்டி வருமே என்றுதான் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பலகையைக் கழற்றினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஆடிய காலுக்குப் பசை வைத்து இறுக்கினேன். பிரம்பை ஊறப்போட்டு, அவர் சொன்னபடியே அவசரப்படாமல் பின்னினேன். கோணலாக வந்தது, மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன். இப்போது யார் பார்த்தாலும் ஓட்டை இருந்தது தெரியாது.

நீங்கள் அதை வாளியோடு பார்த்தவர்கள். உங்களுக்கு அருவருப்பு வந்தால் என்மேல் வரட்டும், தாத்தாமேல் வேண்டாம். அவரிடம் கேட்டுவிட்டு அறுத்திருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அப்போதும் நான் அறுத்திருப்பேன், வேறு வழியில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் திட்டவாவது அவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்திருக்கும்.