திங்கள் முதல் சனி வரை ஒரு வயிற்றுவலி

மருந்துக்கடைக்காரிக்கு ஊரில் உள்ள எல்லா வயிறும் அத்துப்படி. யாருக்குப் பொருமல், யாருக்கு எரிச்சல், யாருக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பதினாறு வருசமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். அத்தனை வருசத்தில் ஒரே ஒரு வயிற்றிடம்தான் நான் தோற்றுப்போனேன். என்னைப் போலக் கடைக்குள் நின்று காலம் தள்ளுகிறவர்களும், காலையில் கண் விழித்ததும் "வயிறு வலிக்குதும்மா" என்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். இல்லையென்றால் என்னைத் திட்டலாம். இரண்டும் நியாயம்தான்.

மருந்து பாதி, திட்டு பாதி

எனக்கு வாய் அதிகம். சர்க்கரை மாத்திரை வாங்க வந்துவிட்டு மறு கையில் ஜிலேபிப் பொட்டலம் வைத்திருக்கிற ஆளை எப்படிச் சும்மா அனுப்புவது? நாலு வார்த்தை விட்டுத்தான் அனுப்புவேன். ஆட்களும் பழகிவிட்டார்கள். ஒருநாள் திட்டாவிட்டால் "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று என்னை விசாரிப்பார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு சாயங்காலம் ஜெயந்தி முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்து நின்றாள். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஏலக்காய்த் தோட்டத்தில் அவளுக்கு வேலை. விடிகாலையில் எங்கள் ஊரிலிருந்து ஜீப் ஏறிப் போய்ச் சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குகிற பெண்களில் அவளும் ஒருத்தி. அன்றைக்கு மலை வளைவில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு மரத்தில் முட்டி நின்றிருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் பெரிசாக ஒன்றும் இல்லை. பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேராம், அதில் நாலு பேர் பின்னால் தொங்கிக்கொண்டு. கேட்டால் பற்றிக்கொண்டு வராதா? பஞ்சில் மருந்தை நனைத்துத் துடைத்துக்கொண்டே பொரிந்து தள்ளிவிட்டேன். அவளுடைய எட்டு வயசு மகள் தர்ஷினி என் கடை எடை மிஷின் மேல் ஏறி நின்று முள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்ததும் ஜெயந்தி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "உங்ககிட்ட வந்தா மருந்து பாதி, திட்டு பாதிக்கா. ரெண்டும் சேந்தாத்தான் புண்ணு ஆறுது."

வளைவு தெரிய வேண்டும்

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை மருந்து பிள்ளைக்கு. தொப்புளைச் சுற்றி வலிக்கிறதாம். விடிகாலையில் இவள் கிளம்புகிற நேரத்துக்கு எழுந்து சுருண்டு படுத்துக்கொள்கிறதாம். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, பேதி இல்லை. ஒரு சிரப் கொடுத்தேன். நிற்கவில்லை. அடுத்த வாரம் பூச்சி மாத்திரை கொடுத்தேன். பூச்சிக்குக் கேட்டதோ என்னவோ, வலிக்குக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஓம வாட்டர்.

"பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுற வலிடி இது. எனக்கு வராத வலியா? நான் கணக்கு டீச்சருக்காகவே ஒரு வருசம் வயித்தப் புடிச்சவ" என்றேன். "சனிக்கிழமையும் வலிக்குதேக்கா, அன்னைக்கு லீவுல்ல" என்று அவள் இழுத்தாள். "அஞ்சு நாள் பழக்கம் ஆறாம் நாள் விட்ருமா?" என்று வாயை அடைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போது என் மண்டையில் நானே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் என் கடைப்படியில் வந்து நிற்கும். ஒரு மிட்டாய் கேட்காது, பாட்டிலைத் தொடாது. ஜீப் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு சமர்த்து, அம்மா மேல் எவ்வளவு பாசம் என்று வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். ஒருநாள் நல்ல வெயில். "உள்ளாற வந்து ஃபேனடியில உக்காரு ஆத்தா, ஜீப்பு வந்தாச் சொல்றேன்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள இருந்தா வளைவு தெரியாதுத்தை."

ஆளுக்கொரு வைத்தியம்

மருந்துக்கடையில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருமே டாக்டர்தான், தெரியும் இல்லையா? இருமலுக்கு வந்த ஒருத்தி, குடல் ஏறியிருக்கு, எண்ணெய் போட்டு நீவினால் இறங்கிவிடும் என்றாள். நீவினார்கள். பிள்ளைக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்ததுதான் மிச்சம். மூட்டுவலித் தைலம் வாங்க வந்தவர் கண்ணு பட்டிருக்கு என்றார். சுற்றிப் போட்டார்கள். கடைசியில் யாரோ குச்சனூரைச் சொல்ல, ஜெயந்தி ஒரு சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் சனீஸ்வரருக்கு எள் தீபம் போட்டாள்.

அன்றைக்கு வலி இல்லை! காலையிலிருந்தே இல்லை. வீட்டில் இருந்து கிளம்பும்போதே பிள்ளை துள்ளிக்கொண்டு வந்ததாம். ஞாயிறும் இல்லை. சாமி கண் திறந்துவிட்டார் என்று எனக்கும் பொட்டலத்தில் திருநீறு வந்து சேர்ந்தது. நானும் பூசிக்கொண்டேன், ஒரு வாடிக்கை குறைந்தால் குறையட்டும் என்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெயந்தி சோர்ந்துபோய் வந்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை. "சனிக்கிழமை நின்ன வலி, திங்கக்கிழமை ஜீப்புக்கு முன்னாடி வந்து நிக்குதுக்கா."

ஒண்ணுமில்லை

அதற்குள் மூன்று மாசம் ஓடிவிட்டது. பிள்ளையை எடை மிஷினில் ஏறச் சொன்னேன். ஜூன் மாசத்தைவிட இரண்டு கிலோ குறைவு. எனக்கே பக்கென்றது. இனிமேல் ஒரு சொட்டு சிரப் தரமாட்டேன், நாளைக்கே கம்பத்துக்குப் போ என்று விரட்டினேன். குழந்தைகள் டாக்டர் ரத்தம் பார்த்தார், யூரின் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. "வலி பொய்யில்லம்மா, பிள்ளை நடிக்கல. மனசுல ஏதாச்சும் பயம் இருக்கான்னு பக்கத்துல உக்காந்து பொறுமையாக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஜெயந்தி கேட்டாள். டீச்சர் அடிக்கிறாகளா? இல்லை. யாராவது தொந்தரவு செய்கிறார்களா? இல்லை. அப்புறம் என்னதான்? ஒண்ணுமில்லை. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போகிற அவள் வீட்டுக்காரர், எல்லாம் நடிப்பு என்று கையை ஓங்கிவிட்டாராம். டாக்டர் கொடுத்த காகிதங்களை என் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஜெயந்தி அழுதாள். பேர் தெரியாத ஏதோ ஒன்று பிள்ளையைத் தின்கிறது என்று அவளுக்குப் பயம். காகிதங்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தேன். "நோவுன்னு ஒரு பேரச் சொல்லியிருந்தாக்கூட தேவலக்கா. ஒண்ணுமில்லேங்கிறதுக்கு எந்தக் கடையில மருந்து வாங்குறது?"

ஹர்த்தால்

கேரளாவில் ஹர்த்தால், அதாவது முழுக் கடையடைப்பு என்றால் எங்கள் ஊர்ப் பாதிப் பெண்களுக்கு லீவு. அப்படி ஒரு புதன்கிழமை ஜெயந்தியே பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தாள். வழியில் ஷாம்பு வாங்கக் கடையில் நின்றார்கள். தர்ஷினி எடை மிஷின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். மிஷின் போச்சு என்று கத்த வாயைத் திறந்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அப்படிச் சிரித்து நான் பார்த்து மாசக்கணக்காயிற்று.

"காலையில மூணு தோசைக்கா!" என்றாள் ஜெயந்தி, லாட்டரி விழுந்தவள் மாதிரி. எனக்கு என்னவோ பொறி தட்டியது. ஹர்த்தால் மலைக்கு மேலேதான். கீழே எங்கள் பள்ளிக்கூடம் வழக்கம்போல உண்டு, கணக்கு டீச்சரும் உண்டு. அப்படியானால் இது பள்ளிக்கூட வலி இல்லையே! மிஷின் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன், இன்றைக்கு மட்டும் ஏன் வலிக்கவில்லை என்று. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "இன்னைக்குத்தான் ஜீப்பு இல்லையே."

யார் சொன்னது

மறுநாள் ஜீப் உண்டு, வலியும் உண்டு. சாயங்காலம் பிள்ளை வழக்கம்போலப் படியில் வந்து நின்றாள். நான் ஸ்டூலைத் தூக்கி வெளியே, வளைவு தெரிகிற இடத்தில் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்துச் சீட்டோடு வந்தவர்களை, கொஞ்சம் பொறுங்க என்று நிறுத்தி வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பதினாறு வருசத்தில் கடைவாசலில் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். இரண்டு டவுன் பஸ் போன பிறகு அவளே கேட்டாள்: "அத்தை, அடுத்த தடவைன்னா எப்ப?"

"எந்த அடுத்த தடவை ஆத்தா?"

"அம்மாவுக்குக் கையில அடிபட்டப்ப நீங்கதான சொன்னீக."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். என் குரல், என் இழுப்பு, நான் மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை. "இந்தத் தடவை மரம் புடிச்சுக்கிருச்சு. அடுத்த தடவை அங்கன மரம் இருக்காது. அப்பறம் இந்தப் புள்ளைக்கு யாருடி சோறு போடுவா?"

ஆடுகிற முள் ஞாபகம் வந்தது. வேடிக்கை பார்க்கிறது என்று நான் நினைத்த பிள்ளை அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. விடிகாலையில் ஜீப்பின் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மூன்று மாசத்துக்கு மேல். டாக்டர் ஸ்கேனில் தேடியது என் வாயில் இருந்திருக்கிறது. நான் கொடுத்த நோவுக்கு நானே பாட்டில் பாட்டிலாக மருந்தும் கொடுத்திருக்கிறேன்.

மேட்டில் ஏறியாச்சு

ஜெயந்தி இறங்கியதும் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க சொன்னது பொய்யில்லையேக்கா. நானும் தெனம் அதத்தான நெனச்சுக்கிட்டு ஏறுறேன்."

மலைக்குப் போகாதே என்று யார் சொல்ல முடியும்? போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஏலத்தோட்டத்துக்குள் செல்போன் சிக்னல் கிடையாது, மலை மேட்டில் எல்லைச் செக்போஸ்ட் பக்கம் உண்டு. அப்பா பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முன்னாலேயே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அதனால் ஜெயந்தி மேட்டில் ஏறியதும் எனக்கு ஒரு போன் போடுவாள், பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளைக்கு நான் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்தோம். "மேட்டுல ஏறியாச்சு ஆத்தா" என்றால் தர்ஷினி தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போவாள். ஜீப் ஓட்டுகிற பாண்டி அண்ணன் கேஸ் மாத்திரைக்கு வந்தபோது, பிள்ளை பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரகசியக் குரலில் திட்டினேன். என் வாழ்க்கையில் ரகசியமாகத் திட்டியது அதுதான் முதல் தடவை. ஆள் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததைத் தர்ஷினியே சாயங்காலம் இறங்குகிறவர்களை எண்ணிச் சரிபார்த்தாள். "இன்னைக்குப் பதினாலு பாண்டி மாமா" என்று அவள் சொன்னால் அவர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வலி ஒரே நாளில் ஓடிப்போகவில்லை. மழை நாளில் வரும். போன் தாமதமானால் வரும். ஆனால் தைக்கு எடை முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவளை மிஷினிலிருந்து இறக்கிவிட்டு, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். நான் அப்படிப் பேசியது தப்பு ஆத்தா, கோவத்துல சொல்லிட்டேன் என்றேன். இனி ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்ய நா எழவில்லை. ஜீப் நாளைக்கும் ஏறத்தானே போகிறது! அவள் பள்ளிக்கூடப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சரித்தை. ஆனா எங்கம்மாவ இனிமே வையாதீக. அம்மா பயந்துரும்."

இப்போதும் திட்டுகிறேன்தான், எடை மிஷின் மேல் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு.