சால்வியா போதும் என்றார்கள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையை உடைத்துக்கொண்டு வருகிறவனை நேராக உட்காரவைத்து ஒரு படம் எடுப்பாள். உடனே கையைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி இன்னொரு படம். "ஒண்ணு போதாதா, உயிர் போகுதே!" என்று அவன் அலறினால், "நேரா பார்த்தா எல்லா எலும்பும் யோக்கியன்தான். திருப்பு" என்பாள். முதல் படத்தில் ஒளிந்திருக்கும் விரிசல் இரண்டாவது படத்தில் பல்லை இளிக்கும். நாளடைவில் அந்தப் பழக்கம் அவள் புத்தியிலும் ஊறிப்போனது. யார் எதைச் சொன்னாலும் மறுபக்கம் பார்க்காமல் தலையாட்டமாட்டாள். தலையாட்டாத பெண்ணுக்குத் 'திமிர்பிடித்தவள்' என்று பெயர் வைப்பதில் உலகம் ஒருநாளும் தாமதித்ததில்லை. அவளுக்கும் வைத்தது.

குடித்துவிட்டுக் கை ஓங்கிய கணவனிடம், "நாளைக்கு உன் கையை நான் படம் எடுக்கும்படி ஆகிடும், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடியிருந்தார். எழுத்தில் பாதி வீடு, நடப்பில் பின்பக்கத்து அறை ஒன்று. அண்ணன் கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். கெட்டவனையாவது எதிர்த்து நிற்கலாம், பயந்தவன் கெஞ்சியே கழுத்தை அறுப்பான். அவள் வந்த வாரமே, "உனக்கு வர்ற தபாலெல்லாம் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே வரட்டும்மா. தபால்காரன் நாலு பேர்கிட்ட பேசுவான்" என்றார். களைத்துப்போயிருந்தவள் சரி என்றாள். அந்த ஒரு 'சரி' தொண்டையில் சிக்கிய முள்ளாக வருஷக்கணக்கில் கிடந்தது.

அண்ணனுக்கு இரும்புச்சாமான் கடை. கோணிப்போன ஆணியைத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டுவைக்கிற மனிதர். உடைந்த துடைப்பக்கட்டைகூட அந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. "ஒருநாள் உதவும்" என்பது அவருடைய வேதவாக்கு. "என்னையும் அந்த நம்பிக்கையிலதான் வெச்சிருக்கார்" என்பாள் அண்ணி. கடையில் இன்னொரு கண்டிப்பு உண்டு. சொந்த மாமனாரே வந்து ஒரு தாழ்ப்பாள் வாங்கினாலும், பெயரும் விலாசமும் எழுதிப் பில் போடாமல் அனுப்பமாட்டார்.

புதுக்குழாய் பதிக்கத் தோண்டியதில் வீட்டு முன்புறம் வெறும் மண்ணாகிவிட்டது. ஏதாவது நடலாம் என்று அவளும் அண்ணியும் நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரர் இரண்டு செடிகளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது சால்வியா. இந்த வருஷமே பூத்துடும். ஊதாக் கதிர் கதிரா நிக்கும், தேனீ வரும். தண்ணி அதிகம் கேக்காது. உயரமா போனா காத்துக்குச் சாயும், ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டா போதும். இது சீமை அத்தி. காய்க்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். நல்ல வெயில் வேணும். வேர் பரவும், சுவர் ஓரமா வைக்கவே கூடாது. ஆனா பிடிச்சிடுச்சுன்னா உங்களுக்கு அப்புறமும் நிக்கும்."

"சால்வியாவே போதும்" என்றாள் அண்ணி. "வேணாம்னு தோணினா ஒரு இழுப்பு, கையோட வந்துடும்."

அண்ணி செடியைத்தான் சொன்னாள். ஆனால் இவளுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று தோன்றினால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடுகிற மாதிரிதானே அந்த வீட்டில் தன்னையும் நட்டிருக்கிறார்கள்? தபால்கூட வராத விலாசம்.

"ரெண்டையும் குடுங்க" என்றாள்.

அத்தியைக் கண்டதும் அண்ணன் முகம் கறுத்தது. "பால் வடியுற மரம் வீட்டுக்கு ஆகாதும்மா. அது பூவே பூக்காத மரம். அதுவும் உன்னை மாதிரி..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே. என்னை மாதிரி பிள்ளை இல்லாதவ அதை வெச்சா என்ன ஆகும்? மரம் வெட்கப்படுமா?"

"நான் சொல்லலை, ஊர் சொல்லும்."

"வேர் சுவரைப் பிளக்கும்னு சொல்லுங்க, காது குடுத்துக் கேக்கறேன். அது நியாயம். அதனாலதான் சுவரையும் குழாயையும் விட்டுத் தள்ளி, நடுவுல நடப்போறேன். ராசின்னு சொன்னா, எந்த எலும்புல இருக்குன்னு காட்டுங்க. படம் எடுத்துத் தரேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அத்தியை நடுவில் நட்டாள் எக்ஸ்ரே. சுவர் ஓரமாகச் சால்வியாவை வரிசையாக நட்டது அண்ணி. சால்வியாமேல் எக்ஸ்ரேக்கு ஒரு கோபமும் இல்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பாள், ஊதாக் கதிரில் தேனீ தலைகீழாகத் தொங்குவதை வேலைக்குப் போகும் அவசரத்திலும் நின்று ரசிப்பாள். அழகாக இருப்பதில் தப்பில்லை. அழகாக இருப்பது மட்டும் போதும் என்று ஒரு உயிரைப் பார்த்துச் சொல்வதில்தான் அவளுக்குத் தகராறு.

மூன்றாம் கோடையில் அத்தி காய்த்தது. முதல் பழத்தைப் பறித்து, சமையலறைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து அண்ணியிடம் நீட்டினாள்.

"உள்ளே சிவப்பா மயிர்மயிரா இருக்கே, பாருங்க அண்ணி. ஒவ்வொண்ணும் ஒரு பூ. பூவை உள்ளே வெச்சுப் பூக்குற மரம் இது."

அத்தி பூத்தாற்போல என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒருத்தன் கத்தியை எடுத்துக் காயை அரிந்து பார்த்திருந்தால், எத்தனையோ பெண்கள் எத்தனையோ வசவிலிருந்து தப்பித்திருப்பார்கள். அண்ணி பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த பழத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் தெருமுனையில் பெரிய கடை ஒன்று திறந்தது. அண்ணன் கடையில் ஈ ஓட்டும்படி ஆனது. பெரிய கடையோடு மல்லுக்கட்ட முடியாதவருக்கு, மரத்தோடு மல்லுக்கட்டுவது சுலபமாக இருந்தது. குளிர்காலம் வந்தது. அத்தி வழக்கம்போல இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றது. வெளியூர் மருத்துவ முகாமுக்குப் போன எக்ஸ்ரே பத்து நாள் கழித்துத் திரும்பினாள். கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மரம் இருந்த இடத்தில் சிமெண்ட் தளம். அதன்மேல் அண்ணனின் ஸ்கூட்டர்.

"பட்டுப்போச்சும்மா" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பட்டுப்போகலை, தூங்கிக்கிட்டிருந்துச்சு. தூங்குறவனைப் பிணம்னு புதைச்சிட்டு வந்திருக்கீங்க." குரல் நடுங்கியது. ஆனால் தாழவில்லை. "ராசி கெட்டதுன்னு வெட்டினீங்களா, என்கிட்ட கேட்கவேண்டியதில்லைன்னு வெட்டினீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"என் வீட்டுல..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் என்ன, போதுமான அளவு சொல்லியாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை இருப்பதாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். திரும்பும் வழியில், ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடப் பார்த்தோமே என்று தன்மீதே ஆத்திரம் வந்தது. அந்த அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வெயில் திரும்பிய ஒரு காலையில் அண்ணி பின்பக்கத்து அறைக் கதவைப் படபடவென்று தட்டினாள். "எழுந்து வாம்மா! வந்து பாரு இந்தக் கூத்தை!"

குளிர்காலக் காற்றில் சாய்ந்த சால்வியாவுக்கெல்லாம் அண்ணன் குச்சி நட்டுக் கட்டியிருந்தார். வெட்டிய அத்திக் கிளைகளை வீசி எறிய அவருக்கு எப்படி மனசு வரும்? அளவாக நறுக்கி, ஆழமாகக் குத்தி, ஒவ்வொரு செடிக்கும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தார். அண்ணி தவறாமல் தண்ணீர் ஊற்றிவந்தாள். இப்போது சுவர் ஓரமாக, ஊதாக் கதிர்களுக்கு நடுவே, ஒவ்வொரு குச்சியின் கணுவிலும் குழந்தைக் கை மாதிரி பச்சை இலை விரிந்திருந்தது.

எக்ஸ்ரே சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. "ஒண்ணை வெட்டிட்டு ஒரு தோப்பையே வெச்சிருக்காரே எங்கண்ணன்!"

சத்தம் கேட்டு வெளியே வந்த அண்ணன், பார்த்ததும் திகைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குச்சியைப் பிடுங்கக் குனிந்தார்.

"கையை எடுங்க" என்றாள் அண்ணி.

"என்னடி?"

"பிடுங்கினா என் சால்வியா வேரும் கூடவே வந்துடும். கையை எடுங்கன்னா எடுங்க. நானும் இந்த வீட்டுக்கு வந்து ஒரு குச்சி மாதிரி நின்னவதான். எனக்கும் கொஞ்சம் வேர் விட்டிருக்கு."

கல்யாணமான நாள்முதல் அவர் கேட்டிராத குரல் அது. அண்ணன் நிமிர்ந்தார்.

ஆனால் குச்சிகள் சுவர் ஓரத்திலேயே நிற்க முடியாது. வேர் சுவரைப் பிளக்கும் என்று ஒப்புக்கொண்டவள் எக்ஸ்ரேதான். இடம் மாற்றியாக வேண்டும். சால்வியா வேரில் கை படாமல், நல்ல குச்சி ஒன்றை மட்டும் மண்கட்டியோடு தோண்டித் தொட்டியில் வைத்தாள். மற்றவற்றை நர்சரிக்காரருக்குத் தருவதாகச் சொன்னாள். பிறகு நேராக அண்ணன் கடைக்குப் போனாள். கடையில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"கடப்பாரை ஒண்ணு வேணும்."

அண்ணன் அவளைப் பார்த்தார், சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். "எதுக்கும்மா?"

"சிமெண்ட் உடைக்க."

ஒருத்தர் செருமினார். அண்ணன் கடப்பாரையை எடுத்து வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போ" என்றார் மெதுவாக.

"பில்லு?"

"உனக்கென்னம்மா பில்லு..."

"மாமனாருக்கே போடுறவர், எனக்கு மட்டும் என்ன? போடுங்க."

பேனாவை எடுத்தார். பெயரை எழுதினார். விலாசம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஆஸ்பத்திரிப் பெயரின் முதல் எழுத்தை எழுதத் தொடங்கியவரின் கையை அவள் விரல் வைத்து நிறுத்தினாள்.

"அது நான் வேலை பார்க்கிற இடம். விலாசம் கேட்டா, குடியிருக்கிற இடத்தை எழுதணும்."

கடையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த எழுத்தை அடித்தார். பிறகு கதவு எண்ணிலிருந்து தொடங்கி, தெருப் பெயர்வரை, அப்பா எழுதிக்கொடுத்த அதே விலாசத்தை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஸ்கூட்டரைச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்கண்ணே" என்றாள். "இல்லேன்னா அதுக்கும் ஒரு குச்சி நட்டுக் கட்டவேண்டி வரும்."