ஒரு கட்டில் போதும்

மார்ச் 4. சலவைத்தூள், பன்னிரண்டு பொட்டலம்: 1,080.
மார்ச் 21. குளியல் சோப்பு, நாற்பது: 1,200.
ஏப்ரல் 9. ஒன்றும் வாங்கவில்லை.

கணக்கு நோட்டில் இருக்கும் அந்த ஒன்பதாம் தேதியிலிருந்து அக்கா தெருவின் எதிர்ப்பக்கமாகத்தான் வீட்டுக்கு நடக்கிறாள். இந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட். அதன் கண்ணாடியில் தள்ளுபடிச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தால் நடையை எட்டிப் போடுவாள்.

மருந்துக்கடையில் வேலை. முதலாளிக்கும் அவள் அக்காதான். தேதி முடிந்த ஒரு மாத்திரை அட்டைகூட அங்கே அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் கதையே வேறு. தள்ளுபடியில் வாங்கி அடுக்கிய பற்பசையில் பாதிக்குத் தேதி முடிந்திருந்தது. "பல்லுதானே தேய்க்கப் போறோம், முழுங்கவா போறோம்?" என்பாள்.

சரக்கெல்லாம் குவிந்திருந்தது பின்னறையில். தங்கை வந்து இருக்க வேண்டிய அறையும் அதுதான். விபத்தில் கால் போன தங்கைக்கு அக்காவை விட்டால் நாதியில்லை. தங்கை இருக்கும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து அறையைப் பார்க்க வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சக்கர நாற்காலி எங்கம்மா திரும்பும்? சோப்பு மேலயா?"

ஒரு வெள்ளை நாடாவை அளந்து வெட்டிக் கொடுத்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவ்வளவு இடம் வேண்டும். அடுத்த முறை வரும்போது இல்லையென்றால், தங்கை வெளியூர்க் காப்பகத்துக்கு. அது ஏப்ரல் 8.

நாடா கைப்பைக்குள் போயிற்று. "பாதி விலை" என்று எங்கே காதில் விழுந்தாலும் அதை எடுத்து விரலில் சுற்றிக்கொள்வாள், நுனி சிவக்கும் வரை. சோப்பையும் தூளையும் அக்கம்பக்கத்துக்கு வாரிக் கொடுத்தாள்.

"என்னக்கா, கடை எப்ப திறந்தீங்க?" என்றாள் மேல்வீட்டுக்காரி.

"திறக்கலடி, மூடிட்டேன். சீக்கிரம் எடுத்துட்டுப் போ, மனசு மாறிடும்."

கட்டில் வாங்கப் போன இடத்தில்தான் சோதனை. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மாக்கா. இன்னிக்கே கடைசி" என்றார் கடைக்காரர்.

அக்கா இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொன்றைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். யாராவது வந்தால் ஆகும். யார் வரப்போகிறார்கள்? கை பைக்குள் நாடாவைத் தேடியது.

"ஒண்ணு போதும்."

"சும்மா வர்றதை வேணாங்கிறீங்களே! ரசீதுல ரெண்டுதான் வரும்."

"ரெண்டே போடுங்க. வண்டியில ஒண்ணை மட்டும் ஏத்துங்க. ஏத்தினதும் நிக்காம எடுக்கச் சொல்லுங்க."

ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தவள் தெருமுனை தாண்டும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

நர்ஸ் மறுபடி வந்தார். அளந்தார். முகத்தில் எதையும் காட்டாமல், "கடிதம் வரும்" என்று சொல்லிப் போய்விட்டார். அதன் பிறகு அக்கா கதவுக்கு வெளியே காலடி கேட்டால் போதும், எழுந்து நிற்பாள்.

கடிதத்தை நின்றபடியே படித்தாள். வெள்ளிக்கிழமை தங்கையை அழைத்து வருகிறார்கள். மறுபடியும் படித்தாள். பிறகு பின்னறைக்குப் போய்த் தரையில் குந்தி, கட்டில் காலிலிருந்து சுவர் வரை நாடாவை இன்னொரு முறை இழுத்துப் பிடித்தாள்.

கடிதம் வந்தது மே 27.