பழனியப்பன் அண்ணன் படித்த மனு

"மேடம், இந்த வாட்டி மனுவ மொத நாளே குடுத்துருங்க. நான் ஒருக்கா படிச்சுப் பாத்துக்கறேன்."

போன வாரம் போனில் இப்படிச் சொன்னவர் பழனியப்பன் அண்ணன். நாமகிரிப்பேட்டைப் பக்கம் சேகோ பேக்டரி வைத்திருக்கிறார். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிற ஆலை. சாதாரணமாக என்னை ‘அம்முணி’ என்பார். கோபம் வந்தால்தான் ‘மேடம்’.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். எந்த விதியை எப்படி மாற்றினால் நம் ஜனங்களுக்கு நல்லது என்று அரசாங்கத்துக்கு ஓயாமல் எழுதிப் போடுவது. சென்னையில் இதே வேலை பார்ப்பவர்களுக்கு வர்த்தகம், தொழிலாளர், சுற்றுச்சூழல் என்று மூன்றும் தனித்தனி துறை. எனக்கு மூன்றும் ஒரே ஆள்... பழனியப்பன் அண்ணன்!

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு வரி போடுங்கள் என்று எழுதும்போது நான் அவர் பக்கம். கார் அனுப்புவார். அவருடைய ஆலைக் கழிவுநீரைப் பற்றி எழுதும்போது பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்கிறவர்கள் பக்கம். அப்போது போனை எடுக்க மாட்டார். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. சண்டையும் குறையவில்லை, பழக்கமும் விட்டுப்போகவில்லை.

இந்த நிலைமையில் நாலைந்து மாசம் முன்னால், ஸ்டார்ச் இறக்குமதி பற்றிக் கருத்துக் கேட்க ஓர் அதிகாரிகள் குழு சேலம் வந்தது. ஆலைக்காரர்கள் சார்பில் பேசப் போவது நம் அண்ணன். மனு எழுதித் தருவது நான்.

அதே குழுவில் தொழிலாளர் துறை அம்மா ஒருவரும் இருந்தார். அவரிடம் ஓசைப்படாமல் கொடுக்க இன்னொரு மனுவும் என் பையில் இருந்தது. அது அண்ணனுடைய ஆலையில் வேலை செய்யும் பெண்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. களத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று ஜவ்வரிசி கிளறுகிறவர்கள், காலையில் வேலைக்கு வந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் எங்கே போவது? நான் அண்ணனிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "வர்ற சீசனுக்குப் பாக்கலாம் அம்முணி" என்று பாதியிலேயே கிளம்பிவிடுவார்.

கடைசியில், அந்தக் களத்தில் வேலை பார்க்கும் சரசக்காதான் முதல் கையெழுத்துப் போட்டார். "வேலையே போனாலும் போவுது சாமி" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

இரண்டு மனுவையும் ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பச்சை ஃபைல். இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன் — என் மனுக்களுக்கெல்லாம் முதல் பத்தி ஒன்றுதான். காப்பி, பேஸ்ட்!

அண்ணனுக்கு மைக் என்றால் உயிர். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கமோ கிடையாது. ஃபைலை வாங்கினார், எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"குச்சிக்கிழங்கை நம்பி இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன..."

கணீரென்ற குரல். சக ஆலைக்காரர்கள் தலையாட்டினார்கள். இரண்டாவது பத்திக்கு வந்தார்.

"ஆனால் எங்கள் ஆலையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லை என்பதை வேதனையுடன்..."

வேதனையை உண்மையாகவே வேதனையுடன் வாசித்தார். பிறகுதான் நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். என் கவலையெல்லாம் அந்தத் தாளின் அடியில் இருந்த கையெழுத்துகள்தான். சரசக்காவின் வேலையை என் கையாலேயே காலி பண்ணிவிட்டேனே!

ஃபைலை மூடியிருக்கலாம். ஆனால் ஹால் முழுக்க அவரையே பார்க்கிறது. மைக்கைப் பிடித்துவிட்ட மனிதர் நடுவில் நிறுத்துவாரா? படித்தார். "சிறுநீரை அடக்க முடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறோம்" என்ற வரிவரை படித்தார். அந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

தொழிலாளர் துறை அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு ஓனரே எழுந்து இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை சார். எப்போ கட்டப் போறீங்க?"

அத்தனை ஆலைக்காரர்கள் முன்னால் என்ன சொல்வார்? "ரெண்டு மாசத்துலங்க." அதற்கப்புறம் ஸ்டார்ச் பற்றித் தாளே இல்லாமல் பேசினார். நான் எழுதிக் கொடுத்ததைவிட நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

திரும்பும்போது அவர் காரில்தான் வந்தேன். மல்லூர் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"வேணும்னே மாத்திக் குடுத்தீங்க மேடம்."

"சத்தியமா இல்லீங்கண்ணா. என் கவனக்குறைவு."

நம்பவில்லை. என் வீட்டுக்காரரே இன்றுவரை நம்பவில்லை, அவர் எப்படி நம்புவார்? கொஞ்ச தூரம் போய், "அந்தத் தண்ணி சமாச்சாரம்... நெசமாங்க?" என்றார்.

"நாலு வாட்டி சொன்னேனுங்கண்ணா."

"நீங்க சொன்னப்பெல்லாம் காதுல ஏறலீங்க. நானே வாய் உட்டுப் படிக்கறப்பதான் எனக்குக் கேட்டுச்சு. தெனமும் அந்தக் களத்துலதானுங்க நிக்கறேன்..." என்று வெளியே பார்த்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷமாகச் சட்டப் பிரிவு எண்களை எல்லாம் போட்டு மனு எழுதியிருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேனே தவிர, யாரைப் படிக்க வைப்பது என்று யோசித்ததே இல்லை.

கையெழுத்துப் போட்டவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டு மாசம் என்றது மூன்று மாசம் ஆனது. ஆனால் கட்டிவிட்டார். ரோஸ் கலர் பெயின்ட், கதவுக்கு உள்தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய்.

நேற்று போயிருந்தேன். பதினோரு மணி வெயில். களத்து ஓரத்தில் சரசக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். உடனே இன்னொரு சொம்பு மொண்டார்.

"மேஸ்திரி மொணங்கறாரு சாமி, பொம்பளைங்க அடிக்கடி எந்திரிச்சுப் போறோமாம்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போவமில்ல பின்ன? இத்தன வருசமா அடக்கி வெச்சதெல்லாம் பாக்கி கெடக்குதே!"