அர்கிரோவின் கத்தியும் எட்டுச் சாமான் கேக்கும்

எங்கள் மலைக்கிராமம் அனோ ஸ்கினியாவில் கீரை பறிக்கக் கிளம்பும் பெண் எவளும் கீரை இருக்கும் திசையில் நடக்க மாட்டாள். மலைமேல் கீரை என்றால் கடல் பக்கம் இறங்குவாள். காப்பிக்கடை வாசலில் நின்று, யாரும் கேட்காமலேயே, "செக்குப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாரேன்" என்று அறிவிப்பாள். ஆலிவ் செக்கைத் தாண்டியதும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாகப் பதுங்கி, ஊரையே சுற்றிக்கொண்டு மலையேறுவாள். காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது தெரியும். எவள் எந்தப் பக்கம் போகிறாளோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் அவள் இடம் என்று முடிவுகட்டிவிட்டு மிச்சக் காப்பியைக் குடிப்பார்கள். கீரை முளைக்கும் இடம் என்பது வீடு, ஆலிவ் தோப்பு மாதிரி ஒரு சொத்து. பெற்ற மகளிடம்கூடச் சாகும் தறுவாயில்தான் சொல்வார்கள். சிலர் அப்போதும் வாயைத் திறக்காமலே கண்ணை மூடியிருக்கிறார்கள்.

அர்கிரோ இப்படிச் சுற்றி நடந்தே நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள். இப்போது அவளுக்கு வயது அறுபத்து மூன்று. முழங்கால் இரண்டும் ஏறும்போது ஒரு பாட்டும் இறங்கும்போது ஒரு பாட்டும் பாடுகின்றன. ஆனாலும் நேர் வழியில் ஒரு நாள் போனதில்லை.

அவள் கடற்கரை ஊரில் பிறந்தவள். நிகிஃபோரோஸைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்த புதிதில், மாமியார் அவள் பறித்து வந்த கீரையை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "கடக்கரைக்காரிக்கு மீன்முள்ளுதான் தெரியும், கீரைமுள்ளு எங்க தெரியப்போகுது" என்றாள். அதைக் கேட்டு அடுப்படியில் நின்று சிரித்தவள் நாத்தனார் ரொடாந்தி. அந்தச் சிரிப்பு அர்கிரோவின் காதில் வெகுநாள் இருந்தது. மூன்றாம் வருஷம் குளிர்காலத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு வெள்ளாட்டைத் துரத்திப் போனபோது, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தைக் கண்டாள். சிறிய ஊற்று ஒன்று, ஓரத்தில் எந்தக் காலத்து இடையனோ கட்டிய முழங்கால் உயரக் கல்சுவர். உள்ளே பந்து பந்தாக முள்புதர். ஒவ்வொரு புதருக்குள்ளும் இளசான கசப்புக்கீரை. ஆடு தானாக வீட்டுக்கு வந்துசேர்ந்தது. அர்கிரோ மடி நிறையக் கீரையோடு வந்தாள். அந்த வருஷத் தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை, ஊரே பட்டம் விட்டுக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிடும் நாளில், அவள் அவித்த கீரையில் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றி வைத்த கிண்ணத்தை மாமியார் இரண்டு தடவை தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று முதல் அந்தச் சாப்பாட்டில் கீரைக்கிண்ணம் அர்கிரோவுடையது. அந்தத் திங்கள் விடியலிலேயே பறித்த கீரையாக இருக்க வேண்டும் என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

அந்தப் பெருமைக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். மலையில் ஒரு ஈ காக்காய் இருக்காது. அதனாலேயே அர்கிரோ பள்ளத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போவாள். தவக்காலத்துக்கு ஆறு நாள் முன்னால் வந்த செவ்வாயன்று, வீடு திரும்பிக் கூடையைக் கவிழ்த்தபோது கீரை விழுந்தது, பாசி விழுந்தது, கத்தி விழவில்லை. வளைந்த சின்ன அலகும் ஆலிவ் மரப்பிடியும் கொண்ட கத்தி. நிகிஃபோரோஸ் தன் வாழ்க்கையில் அவளுக்கு வாங்கித் தந்த ஒரே உருப்படியான பொருள். வாங்கியவன் சும்மா வாங்கினானா? ஆசையோடு அலகில் 'அர்கிரோ' என்று பெரிய எழுத்தில் பொறித்தும் வாங்கியிருந்தான்.

கத்தி போனால் வேறு கத்தி. ஆனால் பெயர் பொறித்த கத்தி பள்ளத்தில் கிடப்பது, அங்கே ஒரு பலகை நட்டு, இது அர்கிரோவின் இடம், எல்லாரும் வாருங்கள் என்று எழுதிவைத்த மாதிரி. புதனும் வியாழனும் ஓடினாள். ஊற்றுக்குள் கைவிட்டாள், முள்ளுக்குள் கைவிட்டு விரல்களைக் கிழித்துக்கொண்டாள். கத்தி மட்டும் கிடைக்கவில்லை.

"என்ன, ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்க?" என்று நிகிஃபோரோஸ் கேட்டான்.

"முழங்கால் வலி."

"முழங்கால் வலிக்கு மூணு நாளா கடல் பக்கம் நடந்தா எப்படிச் சரியாகும்?"

கட்டிய புருஷனுக்கே இடத்தைச் சொன்னதில்லை. அவனிடம் சொல்வதும் காப்பிக்கடைச் சுவரில் எழுதுவதும் ஒன்று.

தொலைந்த பொருளைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே எங்களுக்கு ஒரு புனிதர் இருக்கிறார், ஃபனூரியோஸ். அவருக்கு ஒரு கேக் செய்ய வேண்டும். முட்டை, வெண்ணெய் கிடையாது. சாமான் ஏழு, இல்லையென்றால் ஒன்பது. ஒற்றைப்படை தவறினால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கோயிலில் பாதிரியார் ஜெபித்துக் கொடுத்ததும் அதை ஏழு வீட்டுக்குப் பங்கு வைக்க வேண்டும். தின்கிறவர்கள் புனிதரின் அம்மாவைக் கடவுள் மன்னிக்கும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் அப்படி என்ன பாவம் செய்தாள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேக் ருசியாக இருந்தால் மன்னிப்பும் தாராளமாக வரும்.

சனிக்கிழமை அர்கிரோ ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு கேக் சுட்டாள். என்ன சாத்தி என்ன, பட்டையும் ஆரஞ்சும் சேர்ந்து வேகும் அந்த வாசனை தெருவுக்கு வந்துவிட்டால் யாருக்கோ ஏதோ தொலைந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். என்ன தொலைந்தது என்று கேட்பார்களே என்ற நினைப்பு அடுப்பை அணைத்த பிறகுதான் அவளுக்கு வந்தது. அதற்கு அடுத்த கேள்வி, எங்கே தொலைத்தாய்? அவளுக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடி முன்னால் போய் நின்று, இடது காதுக் கம்மலைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதல் பங்கு பக்கத்து வீட்டுக்கு, அதாவது ரொடாந்திக்கு. இரண்டு பேரும் பகையாளிகள் இல்லை. ஆனால் ஒரு நாள் ஒருத்தியை ஒருத்தி குத்திப் பேசவில்லை என்றால் இருவருக்கும் சாப்பாடு செரிக்காது. ரொடாந்தி கேக்கை வாயில் போட்டு, கண்ணை மூடி, மாடு அசைபோடுவதுபோல் நிதானமாக மென்றாள்.

"அந்த அம்மாவைக் கடவுள் மன்னிக்கட்டும். மாவு, எண்ணெய், சீனி, ஆரஞ்சுச் சாறு, வாதுமை, திராட்சை, பட்டை. ஏழு. ஆனா கிராம்பும் போட்டிருக்கீங்க மதினி. எட்டாயிருச்சே."

"கிராம்பு ஒரு துளிதான்டி. அதையெல்லாம் கணக்குல சேக்க மாட்டாரு."

"உங்க கீரையில உப்புக்கும் இதே கணக்குதானோ? சரி, என்ன தொலஞ்சுது?"

"கம்மல்."

ரொடாந்தி மெல்லுவதை நிறுத்தினாள். அவளுடைய வெறுங்காதைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"கம்மலா?"

"கம்மல்தான்."

"எங்க தொலச்சீங்க?"

"கோயில் பக்கமா இருக்கும்."

"சரி மதினி, கம்மல்னா கம்மல்தான்" என்று இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு ரொடாந்தி உள்ளே போய்விட்டாள். குத்தல் இல்லாமல் அவள் பேச்சை முடித்தது அர்கிரோவுக்கு என்னவோ போலிருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஊர் கோயில் முற்றத்தில் குனிந்துவிட்டது. காப்பிக்கடைக்காரன் பொலிக்ரோனிஸ் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, ஒரு சல்லடையோடு வந்து மண்ணைச் சலித்தான். புனிதர் சும்மா இருப்பாரா? ஒரு கம்மல் கிடைத்தே விட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாதிரியாரின் மனைவி தொலைத்தது; எங்கள் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு. அந்த அம்மாள் அழுதுகொண்டே வந்து அர்கிரோவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அர்கிரோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புனிதரிடமே பொய் சொன்னவளுக்கு அவர் எப்படிக் கத்தியைக் காட்டுவார்?

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும் நேரத்தில், உருளைக்கிழங்கு தோலெடுக்கும் கத்தியைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். செக்கு, கல்லறைத் தோட்டம், ஓடைக்கரை, எல்லாம் சுற்றி முடிந்தது. பள்ளத்தின் வாசல் பாறையைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்சுவர் மேல் ரொடாந்தி உட்கார்ந்திருந்தாள். சுவரில் சரிந்திருந்த ஒரு கல்லை எடுத்து வைத்து, உள்ளங்கையால் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலிக் கூடை. எதிரே தட்டைக்கல்லில் அர்கிரோவின் கத்தி, சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் பூசி.

"வாங்க மதினி. உங்க கம்மல் இங்கதான் கெடக்கு, எடுத்துக்கங்க. கையில தர மாட்டேன், கத்தியைக் கைமாத்தினா சண்டை வரும்."

அர்கிரோ கத்தியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ... என் பின்னாலயே வந்தியா?"

"உங்க பின்னால வரணும்னா நான் ஊரையே சுத்தணும். நான் எப்பவும் வார வழிதான். வெள்ளிக்கிழமை வந்தேன், முள்ளுக்குள்ள மினுங்குச்சு."

"எப்பவுமா? நீ மலைப்பக்கம்தான கெளம்புவ! அப்ப உன் எடம் கடல் பக்கமில்ல இருக்கணும்?"

ரொடாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் என்னிக்கு மதினி சுத்திப் போனேன்? கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து மலைக்குன்னா நேரா மலைக்குத்தான் போறேன். கேட்டவங்ககிட்டயெல்லாம் உண்மையத்தான் சொன்னேன். ஊர்ல ஒருத்தனும் நம்பல. அதுக்கு நான் என்ன பண்ண?"

அர்கிரோ கீழே உட்கார்ந்தாள். நாற்பது வருஷம், வாரம் ஒரு தடவை, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி. முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

ரொடாந்தியின் சிரிப்பு அடங்கியது. "வெள்ளிக்கிழமை எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. இங்க யாரோ வாரான்னு எனக்கு ரொம்ப வருஷமாவே தெரியும். வெட்டு அப்படி இருக்கும். வேர் அசையாம, நடுக்குருத்தை விட்டுட்டு, மூணுக்கு ஒண்ணைத் தொடாம. யாரோ இடையன் பொண்டாட்டி, நல்ல கைக்காரின்னு நெனச்சேன். இப்படி ஒருத்தி நம்ம வீட்டுக்கு வாக்கப்பட்டு வரலையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். கடைசியில பாத்தா நீங்க!"

அர்கிரோ அந்தக் கல்சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு மழைக்காலமும் அது சரியும், ஒவ்வொரு முறையும் யாரோ எடுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தச் சுவர் இல்லையென்றால் ஆடுகள் ஒரே நாளில் பள்ளத்தை மொட்டையடித்துவிடும். முகம் தெரியாத அந்த இடையனுக்காக அவள் கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றியிருக்கிறாள்.

"இந்தச் சுவர்..."

"பின்ன, தானா எந்திரிச்சு நிக்குமா? ஊத்துத் தண்ணிதான் அந்தோணியார் புண்ணியத்துல வருஷா வருஷம் அடைக்காம வருது."

"அந்தோணியாராவது மண்ணாவது. நவம்பர்ல முழங்கை வரைக்கும் விட்டுச் சேறு அள்ளுறது நான்டி."

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அர்கிரோ கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். மாமியாருக்கும் இந்த நாத்தனாருக்கும் காட்ட வேண்டும் என்றுதானே இந்த இடத்தை நாற்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்தாள்! இவள் கட்டிய சுவருக்குள் நின்றுதான் அத்தனை கீரையும் பறித்திருக்கிறாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது. ரொடாந்தி அதைப் பார்க்காததுபோல் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏழு சாமானோட நிறுத்தியிருந்தா கத்தியை மட்டும் காட்டியிருப்பாரு. எட்டாவதுக்கு என்னையும் சேத்துக் காட்டிக்குடுத்துட்டாரு. எந்திரிங்க, வெயில் ஏறுது. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்."

இரண்டு கூடையும் நிறைந்தன. திரும்பும்போது அர்கிரோ வழக்கம்போல் ஓடைப்பக்கம் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். முழங்கால் வேண்டாம் என்றது.

"நேரா எறங்குனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி."

"கால் மணியா!" என்று அர்கிரோ தன்னைத்தானே வைதுகொண்டு நேர்வழியில் இறங்கினாள்.

ஊரார் கூடைகளோடும் பட்டங்களோடும் வெட்டவெளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மதினியும் நாத்தனாரும் தலைமேல் கீரைக்கூடையோடு, பட்டப்பகலில், மலைப்பாதையில் நேராகக் காப்பிக்கடைக்கு எதிரே வந்து இறங்கினார்கள். பொலிக்ரோனிஸ் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு மலையைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், வெகுநேரம் யோசித்தான்.

"ரெண்டு பேரும் மலையிலருந்து வாராளுக" என்று நிகிஃபோரோஸிடம் தணிந்த குரலில் சொன்னான். "அப்ப சந்தேகமே வேண்டாம். அந்த எடம் கடல் பக்கம்தான்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றான் நிகிஃபோரோஸ்.

அன்று மத்தியானம் விரிப்பில் இரண்டு கூடைக் கீரைக்கும் சேர்த்து ஒரே கிண்ணம்தான் இருந்தது. எப்போதையும்விடப் பெரிய கிண்ணம். ரொடாந்தி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் கேட்க, "நல்லாயிருக்கு மதினி" என்றாள். சுற்றியிருந்தவர்கள் அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பார்த்தார்கள். நிகிஃபோரோஸ் ரொட்டியைப் பிய்த்தபடி மனைவியின் வெறுங்காதைக் கவனித்தான்.

"ஆமா, தொலச்சியே, கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சுது."

"எங்க கெடந்துச்சாம்?"

அர்கிரோ கிண்ணத்தை ரொடாந்தியின் பக்கம் தள்ளிவைத்தாள்.

"பக்கத்து வீட்டுலதான் இருந்திருக்கு. நாப்பது வருஷமா."