குழந்தை அளவில் ஒரு கரடி

அவிநாசி சாலையிலிருந்த ஒரு பிரிண்டிங் யூனிட்டில் அவரைச் சந்தித்தேன். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதல் துணி அச்சாகி வந்ததும் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

ஓடிடியில் புதிதாக வெளியான கார்ட்டூன் தொடரின் கரடியைக் குழந்தைகள் டி-ஷர்ட்டில் அச்சிட, ஒரு கம்பெனியின் ஆர்டரை நான்தான் அவரிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். மறுநாள் போனபோது மெஷின் நின்றிருந்தது.

"ஏனுங்க, இந்தத் தொடர நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க மாஸ்டர். விமர்சனமெல்லாம் ஆகா ஓகோன்னு இருக்குதுங்க."

"கார்ட்டூன்தானேன்னு எம்பட பேத்திக்குப் போட்டு உட்டனுங்க. அந்தக் கரடி ஒரு ஆளோட கழுத்தக் கடிச்சுத் துப்புதுங்க. புள்ள இன்னும் வாயே தொறக்கல." அச்சு ஸ்கிரீனில் இருந்த கரடியைத் தட்டிக் காட்டினார். "இதப் போயி ரெண்டு வயசுக் கொழந்த நெஞ்சுல அடிக்கச் சொல்றீங்களே!"

செல்போனில் விமர்சனங்களை மறுபடி திறந்தேன். எல்லாவற்றிலும் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று இருந்தது. நான் நட்சத்திர மதிப்பெண்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். உடனே ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு, இது பெரியவர்களுக்கான தொடர் என்று எழுதினேன். 'தெரியும், அச்சிடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதை வாசித்துக் காட்டினேன். மாஸ்டர் அந்த அச்சு ஸ்கிரீனைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார்.

அந்த ஆர்டரை வேறொரு யூனிட் அச்சிட்டது. அங்கே கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.